கடகடப்பின் பூர்வோத்தரம்

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். வண்டிக்குள் ஏதோ சப்தம் கேட்கிறதென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஒரு வகை. அந்தச் சப்தம் காதில் விழாதபடி பாட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு போகிறவர்கள் மற்றொரு வகை. இரண்டு மாதங்களுக்கு முன்பு வரை நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவராயிருந்தோம். முதல் வகைக்கு மாற நேர்ந்த விருத்தாந்தத்தை இந்த வாரம் நேயர்களிடம் சொல்லிக்கொள்ள உத்தேசம்.

மோட்டார் என்றதும் நம்மைப் பெரிய தனவந்தர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, ஏற்கெனவே இருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்ற பதினோரு வயது வண்டியை மூன்றாவது கையாக வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான் சங்கதி. செய்த கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பதினோரு வருஷம் உழைத்த பிறகு ஒரு வண்டி முனகினால் அதற்குக் கம்பெனியைக் குறை சொல்வது தர்மமல்ல.

நாம் வசிப்பது நாமக்கல்லில். இந்த ஊரில் மலைக்கோட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் அடுத்தபடியாகப் பெயர் பெற்றவை லாரிகள். லாரிகளுக்கு உடம்பு கட்டுகிற பட்டறைகள் இங்கே ஏராளம். விடிந்தால் தகரத்தைத் தட்டுகிற ஓசை. அஸ்தமித்தால் லாரிகள் கிளம்புகிற ஓசை. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு சின்ன வண்டிக்குள் எழும் சின்னக் கடகடப்பைப் பற்றிக் கவலைப்படுவது, சந்தையின் நடுவில் நின்றுகொண்டு கொசுவின் ரீங்காரத்தைப் பற்றிப் புகார் செய்வது போலத்தான். ஆனாலும் கொசு நம்முடைய காதுக்குள் அல்லவா புகுந்துவிட்டது!

அது ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரம்பமாயிற்று. குழாய் பதிப்பதற்காகத் தோண்டி, அரைகுறையாக மூடியிருந்த தெருவைக் கடக்கும்போது, தகர டப்பாவில் நாலு கொட்டைப் பாக்கைப் போட்டுக் குலுக்கியதுபோல், ‘கட... கட... கடகட’ என்றது. நல்ல ரஸ்தாவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நல்ல ரஸ்தாவிலும் கேட்டது. நாலாம் நாள் முதல் நமக்கு அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு புறப்பட்டு, சப்தம் எங்கிருந்து வருகிறதென்று விசாரணை நடத்தினோம். முன்புறம் நமக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த வீட்டு எஜமானி, ‘டாஷ்போர்டுக்கு உள்ளே’ என்று தீர்ப்புச் சொன்னாள். பின்னால் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன், ‘டிக்கிக்குள்ளே’ என்றான். நமக்கோ அது வலது பக்கக் கதவிலிருந்து வருகிறதென்பதில் சந்தேகமே இல்லை. பின் ஆசனத்தில் இடது பக்கமாக உட்கார்ந்திருந்த தாயார், “என் காலுக்கடியிலே கேக்குது, கண்ணு” என்றார். தாயாருக்கு எழுபத்து நாலு வயது. ஒரு காது மந்தம். ஆகவே அந்த வாக்குமூலத்தை நாம் குறித்துக்கொள்ளவில்லை.

நாலு பேருக்கும் அபிப்பிராய பேதம் உண்டானதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மனிதனுக்குச் சப்தத்தின் திசை எப்படித் தெரிகிறதென்பதை ஆராய்ந்து 1907-ல் எழுதியவர் ராலே பிரபு என்னும் ஆங்கிலப் பௌதிக சாஸ்திரி. வலப்புறமிருந்து வரும் ஒலி வலது காதுக்கு முதலிலும் இடது காதுக்குச் சற்றுப் பின்னாலும் வந்து சேருகிறது. சற்று என்றால், ஒரு விநாடியைப் பதினாயிரம் கூறாக்கினால் அதில் ஆறு அல்லது ஏழு கூறு! கீச்சென்ற ஒலியானால், தலை அதை மறித்து அப்புறத்துக் காதுக்குச் சற்று மெதுவாகக் கேட்கச் செய்கிறது. இந்த இரண்டு அற்ப வித்தியாசங்களை வைத்துக்கொண்டுதான் மூளை திசையைக் கணக்கிட்டுச் சொல்லுகிறது. திறந்த வெளியில் இந்தக் கணக்கு அபூர்வமாகவே தவறும். மோட்டார் வண்டி என்பதோ கண்ணாடியும் தகரமும் சூழ்ந்த ஒரு சின்னப் பெட்டி. நாலா பக்கமும் மோதித் திரும்பும் ஒலிகள் காதில் வந்து குழம்பிவிடுகின்றன. அதோடு போயிற்றா? காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்கிறதென்றால், எஃகில் 5,000 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. பின் சக்கரத்தில் பிறந்த ஓசை அடிச்சட்டத்தின் வழியாக ஓடி, எங்கே ஒரு தகரம் அதற்கு இசைந்து அதிர்கிறதோ அங்கே வெளிப்படுகிறது. திருடன் ஒரு தெருவில் திருடிவிட்டு வேறொரு தெருவில் போய் விசில் அடிக்கிற கதைதான்.

இந்தச் சாஸ்திரமெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நாம் செய்தது வண்டியைக் காலி செய்ததுதான்.

வண்டிக்குள்ளிருந்து கிடைத்த பொருள்களின் ஜாபிதா பின்வருமாறு: மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்று; எவர்சில்வர் டம்ளர் இரண்டு; கோலிக் குண்டு ஏழு; கதவுப் பைக்குள் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று; ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து போன வருஷம் நாம் பறிமுதல் செய்து, திருப்பிக் கொடுக்க மறந்துபோன விசில் ஒன்று. டிக்கியில் ஜாக்கி தன் இடத்தை விட்டு நழுவிக் கிடந்தது. ஸ்டெப்னியைப் பிடித்திருக்க வேண்டிய திருகும் தளர்ந்திருந்தது. (ஸ்டெப்னி என்ற வார்த்தை நம் மெக்கானிக்குகள் இட்டுக்கட்டியது என்றே வெகு காலம் நினைத்திருந்தோம். வேல்ஸ் தேசத்தில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, நாமக்கல் வரைக்கும் உருண்டு வந்துவிட்டது.)

ஒவ்வொன்றையும் எடுத்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும், ‘ஒழிந்தது!’ என்று சந்தோஷப்பட்டோம். ஒவ்வொரு தடவையும் அரைக் கிலோமீட்டர் கடந்ததும் அது திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், நாம் எடுத்த பொருள்களில் சிலவும் உண்மையிலேயே கடகடத்துக்கொண்டுதான் இருந்தன. டம்ளர்கள் நிச்சயமாகக் குற்றவாளிகள்; ஜாக்கியும் குற்றவாளியே. ஒரு சப்தத்துக்குள் பல சப்தங்கள் ஒளிந்திருக்கும்போது, ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் வழக்கு முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். நிரபராதமான சில்லறை ஓசைகள்தாம் பெரிய ஓசைக்குத் திரை பிடிக்கின்றன.

பிறகு வண்டியை ஒரு பெரிய பணிமனைக்குக் கொண்டுபோனோம். குளிர்சாதனம் செய்த அறையில் நம்மை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். மாலையில், டாஷ்போர்டின் இடுக்குகளில் கம்பளி நாடா ஒட்டியதற்கும், கதவுகளின் ரப்பர் பட்டையை மாற்றியதற்குமாக 3,400 ரூபாய்க்கு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். வாசல் தாண்டிப் பள்ளத்தில் இறங்கியதும் ‘கடகட’ என்றது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, அங்கிருந்த இளைஞர் வெகு மரியாதையாக, “வண்டிக்கு வயசாயிடுச்சு, சார். சவுண்டு வரத்தான் செய்யும். பாட்டு கொஞ்சம் பெரிசா வச்சுக்குங்க” என்றார். நாற்பத்தைந்து வயதைக் கடந்து, மாடிப்படி ஏறும்போது முழங்காலில் சப்தம் கேட்கிற நமக்கு இந்தத் தத்துவம் அவ்வளவாக ருசிக்கவில்லை.

சப்தமில்லாத வண்டி என்பது மனித குலத்தின் பழைய கனவு. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்ற உயர்ந்த ரக வண்டிக்கு 1933-ல் ஒரு விளம்பரம் செய்தார்கள். அந்த வண்டிக்குள் கேட்கும் ஒரே ஓசை மின்சாரக் கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் சாரம். இதே யுக்தியை 1958-ல் டேவிட் ஓகில்வி என்ற விளம்பர நிபுணர் ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிக்குக் கையாண்டு உலகப் புகழ் பெற்றார். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதுகூடக் கடிகார ஓசையே அதில் பெரிது என்று எழுதினார். அதைப் படித்த தொழிற்சாலையின் தலைமை எஞ்சினீயர் சோகமாகத் தலையை ஆட்டி, ‘அந்தப் பாழும் கடிகாரத்துக்கு ஏதாவது வழி செய்ய வேண்டும்’ என்றாராம். ஓகில்வியே தம் புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த எஞ்சினீயரின் மனோநிலை நமக்கு நன்றாகப் புரிகிறது. பெரிய சப்தம் ஒழிந்தால் சின்ன சப்தம் பெரிய சப்தமாகிவிடும். மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் என்ஜின் உறுமல் இல்லாத காரணத்தால், பழைய வண்டியில் யாருக்கும் கேட்டிராத கிறீச்சுகளும் கடகடப்புகளும் அவற்றில் துல்லியமாய்க் கேட்கின்றன. வண்டி செய்கிற கம்பெனிகள் இதற்கென்றே தனி எஞ்சினீயர்களை வைத்து, வண்டியின் நாலு சக்கரங்களையும் நாலு தூண்கள் மேல் ஏற்றிக் குலுக்கிக் குலுக்கிப் பரிசோதனை செய்கிறார்கள்.

அவர்கள் முதலில் பிரிப்பது ஓசையின் ஜாதியை. ‘கிறீச்’ என்பது உரசலால் வருவது. இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொள்வதும் நழுவுவதுமாக மாறி மாறி இழுபடுகின்றன. பிடில் தந்தியின் மேல் வில் செல்லும்போது நடப்பதும் இதுவே. ‘கடகட’ என்பதோ மோதலால் வருவது. இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கக்கூடாத இடைவெளி ஒன்று இருக்கிறது. குலுக்கும்போதெல்லாம் அவை முட்டிக்கொள்கின்றன. கிறீச்சுக்குப் பல சமயம் மசகு போதும். கடகடப்புக்கு அந்த இடைவெளியைத்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

நிற்க. இதற்கிடையில் தாயார் இரண்டாவது முறையாகவும் ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஒரு நாள் மாலை மருத்துவரிடம் போய்த் திரும்புகையில், “கண்ணு, நீ பிரேக்கை மிதிச்சா அது வாயை மூடிக்குது” என்றார். நாம் உடனே வாத்தியாராகிவிட்டோம். பிரேக் போட்டால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் குலுக்கல் குறைகிறது. குலுக்கல் குறைந்தால் சப்தம் குறைவது இயற்கைதானே என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லுவதுபோல் விளக்கினோம். தாயார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி கண்ணு” என்றார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ‘சரி கண்ணு’ என்ற இரண்டு வார்த்தைகளுக்கு எத்தனை அர்த்தங்கள் உண்டு என்பது பிள்ளையாய்ப் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

தாயாருக்கு வெகு நாளாக ஓர் ஆசை. கொல்லிமலைக்குப் போய் அறப்பளீசுவரரைத் தரிசனம் செய்ய வேண்டும் என்பது. அந்த மலை நமக்கு அண்டை வீடுதான். சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளியை அடைந்தால் மலைப் பாதை ஆரம்பம். ஆனால் அந்தப் பாதையில் கொண்டையூசி வளைவுகள் 70. ஏறுவது என்ஜினுக்குப் பரீட்சை. இறங்குவது பிரேக்குக்குப் பரீட்சை. இந்த வருஷப் பள்ளி விடுமுறையில் போய்விடுவது என்று நாள் குறித்தாயிற்று. கடகடப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பாட்டுத்தான் இருக்கிறதே என்று தீர்மானித்துவிட்டோம்.

புறப்படுவதற்கு முதல் நாள், தாயாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போய்த் திரும்பும் வழியில், டயருக்குக் காற்றடிக்க லாரிப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். அங்கே எல்லோரும் ‘பாய்’ என்று அழைக்கும் பெரியவர் ஒருவர், ஒரு லாரியின் அடியிலிருந்து வெளியே வந்தார். வண்டி பள்ளத்தில் ஏறி இறங்கிய ஓசை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். “என்ன சார், உள்ளே ஏதோ பேசுதே?” என்றார்.

நாம் நமது நாலு வார ஆராய்ச்சியை விஸ்தாரமாக எடுத்துரைக்கத் தொடங்கினோம். டாஷ்போர்டு, டிக்கி, வலது கதவு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தோம். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கே கேக்குதுன்னு சொல்லாதீங்க, சார். எப்போ கேக்குதுன்னு சொல்லுங்க.”

இவ்வளவு நாளும் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை. இடம் ஏமாற்றும், வேளை ஏமாற்றாது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வண்டி நிற்கும்போது என்ஜின் மட்டும் ஓடினால் கேட்கிறதா? இல்லை. அப்படியானால் என்ஜினைச் சார்ந்ததல்ல. (நாலு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றினால், விநாடிக்குச் சுமார் 27 வெடிப்புகள் நிகழ்கின்றன, தளர்ந்த புகைக்குழாய்த் தகடு ஒன்று இருந்தால் நின்ற இடத்திலேயே நடுங்கத் தொடங்கிவிடும்.) ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது அதிகமாகிறதா? இல்லை. அப்படியானால் முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு அல்ல. மேடு பள்ளத்தில் அதிகமாகிறதா? ஆம்.

“பிரேக் வைக்கிறப்ப?”

“அதைக் கவனிக்கவில்லை” என்று சொல்ல வாயெடுத்தோம். பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல் வந்தது:

“நின்னுடுதுங்க. வண்டி மெதுவாகறதுக்கு முன்னாடியே நின்னுடுது. இவன் காலை வச்ச உடனே நின்னுடுது.”

பெரியவர் நம்மைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து தாயாரிடம், “எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார். தாயார் செருப்பைக் கழற்றி வைத்திருந்த தமது இடது காலைச் சுட்டிக் காட்டினார்.

ராலே பிரபுவின் கணக்குக்கு இரண்டு காதும் வேண்டும். தாயாருக்கு இருப்பது ஒன்றரைக் காது. ஆகவே அவர் ஆதியிலிருந்தே காதை நம்பாமல், தரையில் பதிந்த வெறுங்காலை நம்பியிருந்திருக்கிறார். பாரிஸ் நகரத்து லேனெக் என்ற வைத்தியர் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தாரே, அதே தத்துவம். மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியின் முனையை இரும்பில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வதும் அதற்காகத்தான். அலைந்து வரும் ஒலியைக் காற்றில் துரத்தாமல், அது பிறந்த பொருளையே தொட்டுக் கேட்டுவிட வேண்டும்.

பெரியவர் தாயாருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, பட்டறை ஓரத்து மண் பாதையில் நடை வேகத்தில் ஓட்டச் சொன்னார். ‘கடகட’ என்றது. அவர் முன்னால் எட்டிக் கையை நீட்டி ஹாண்ட் பிரேக்கை ஒரு பல், இரண்டு பல் மட்டும் மெதுவாக உயர்த்தினார். சப்தம் சட்டென்று நின்றது; வேகமோ குலுக்கலோ துளியும் குறையவில்லை. நமது எட்டாம் வகுப்பு விளக்கம் அந்த இடத்தில் தவிடுபொடியாயிற்று.

இடது பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மையும் கழற்றினார்கள். உள்ளேயிருந்த கரிய தூசியை ஊதாமல், தண்ணீர் விட்டு நனைத்துத் துடைக்கும்படி பெரியவர் பையனை அதட்டினார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன். துடைத்த பிறகு பார்த்தால், காரணம் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரம்முக்குள் அரைச் சந்திர வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் உண்டு. பிரேக்கை மிதித்தால் அவை விரிந்து, சுழலும் டிரம்மின் உட்பக்கத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்துகின்றன. மற்ற நேரத்தில் ஆடாமல் அசையாமல் பின்தகட்டோடு ஒட்டி நிற்பதற்காக, ஒவ்வொரு ஷூவையும் ஓர் ஊசியும் விரல் நுனியளவு ஸ்பிரிங்கும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து முறிந்திருந்தது. ஷூ அநாதையாக ஆடிப் பின்தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்த மாத்திரத்தில் டிரம்மோடு அழுந்தி மௌனமாயிற்று. முறிந்த ஸ்பிரிங்கின் ஒரு துண்டு டிரம்முக்குள்ளேயே சுற்றி, உட்பக்கத்தில் நகக்கீறல் போல் ஒரு கோடு போட்டிருந்தது.

“நாளைக்கு எங்கே கிளம்புறீங்க?” என்றார் பெரியவர்.

“கொல்லிமலை.”

அவர் துண்டை விரலால் எடுத்துக் காட்டினார். “இது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவிலே மாட்டியிருந்தா, சக்கரம் அப்படியே பிடிச்சிருக்கும், சார். இல்லேன்னா ஷூ திரும்பிக்கிட்டுப் பிரேக்கே சரியாப் பிடிச்சிருக்காது. இறக்கத்திலே எது நடந்தாலும் ஒண்ணுதான்.” வேறொன்றும் சொல்லவில்லை. நாம் பையனைப் பார்த்தோம். அவன் அந்தச் சின்னத் துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

இரு பக்கமும் புதிய ஷூக்களும் ஸ்பிரிங்குகளும் போட்டு, டிரம்மைக் கடைசலுக்கு அனுப்பி வாங்க மூன்று நாள் ஆயிற்று. அந்தப் பணிமனையின் கம்பளி நாடாச் செலவில் பாதிகூட ஆகவில்லை. பிரயாணத்தை ஒரு வாரம் ஒத்திவைத்தோம். அந்த ஒரு வாரமும் தாயாரிடம் ஏதோ சொல்ல வேண்டுமென்று நினைத்து, ‘இன்றைக்கு என்ன குழம்பு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மறு ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். பையனும் பாட்டியும் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள். நாற்பதுக்குமேல் இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தரிசனம் திவ்வியமாக ஆயிற்று. இறங்கும்போது, பெரியவர் சொல்லியனுப்பியபடி, பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் என்ஜினின் பிடிப்பிலேயே விட்டு வந்தோம். பாட்டை வைக்கவில்லை. தாயார் வளைவுகளை எண்ணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, இரண்டு பாதங்களையும் தரையில் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காரவள்ளி வந்ததும் கண்ணைத் திறந்து, “ஒண்ணுமில்லே, கண்ணு” என்றார்.